கள்ளத்தராசும் நிறைகல்லும்: ஃபேனி லூ ஹேமர் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பருத்தி மூட்டையை நிறுக்கும் கோல்தராசில், முன்னும் பின்னும் நகர்த்துகிற இரும்புக் குண்டு ஒன்று தொங்கும். அந்தக் குண்டு இருக்கவேண்டிய கனத்தைவிடக் கூடுதலாக இருந்தால் மூட்டையின் எடை குறைவாகக் காட்டும். நாளெல்லாம் வெயிலில் குனிந்து எடுத்தவரின் கூலி அங்கேயே குறைந்துவிடும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ரூல்வில் ஊரை ஒட்டி மார்லோ என்பவருக்கு இருந்த ஒரு பருத்திப் பண்ணையில் ஃபேனி லூ ஹேமர் கணக்குப்பிள்ளையாக இருந்தார். யார் எத்தனை பவுண்டு எடுத்தார்கள் என்று குறித்து வைப்பது அவர் வேலை. பண்ணையார் கண்ணில் படாத நேரம் பார்த்து, தான் கொண்டுபோன சரியான குண்டை மாட்டி நிறுப்பார். பண்ணையார் வந்தால் பழைய குண்டு திரும்ப ஏறிவிடும்.

கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்காகப் போராடிய அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1964-ல் தொலைக்காட்சியில் அவர் தோன்றிய நாளிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு இந்தக் குண்டிலிருந்து தொடங்கத் தோன்றுகிறது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று நீதிமொழிகளில் ஒரு வசனம் உண்டு. ஹேமர் இந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டு குண்டை மாற்றினார் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது என் கணிப்பு. ஆனால் அவருடைய பக்தி எந்த வகைப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை. கையால் செய்து காட்டுகிற பக்தி அது.

கறுப்பினப் பெண்களின் ஆன்மிகம் சமூகநீதிப் போராட்டத்துக்கு வலுவாக இருந்தது என்று பலரும் சொல்லிவிட்டார்கள். "விசுவாசம் தைரியம் கொடுத்தது" என்பதோடு அந்தப் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. தைரியம் கொடுத்தது சரி, அது என்னென்ன வேலை செய்தது? பயந்துபோன கூட்டத்துக்குள் எப்படி வேலை செய்தது, சிறைக்குள் எப்படி, பேரம் பேசும் மேசையில் எப்படி? ஒரே ஒரு பெண்ணின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு அதைப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

பின்னணி

ஃபேனி லூ 1917 அக்டோபர் 6-ஆம் தேதி பிறந்தார். ஜேம்ஸ் லீ டவுன்சென்ட், லூ எல்லா தம்பதிக்கு 20 பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. குடும்பம் வாரச் சாகுபடியில் வாழ்ந்தது. நிலம் வெள்ளைக்காரருடையது, உழைப்பு இவர்களுடையது, கணக்குப் புத்தகம் மறுபடி வெள்ளைக்காரருடையது. ஆறு வயதில் பருத்திக் காட்டுக்குள் இறங்கிய பெண், 13 வயதில் ஒரு நாளைக்கு 200 பவுண்டுக்கு மேல் எடுத்தார். இளம்பிள்ளை வாதத்தால் காலைச் சற்றுத் தாங்கித் தாங்கி நடப்பார். ஒரு கட்டத்தில் குடும்பம் தலைதூக்கிச் சொந்தமாகக் கோவேறு கழுதைகள் வாங்கியது. யாரோ தீவனத்தில் விஷத்தைக் கலந்தார்கள். கழுதைகள் செத்தன. குடும்பம் பழைய நிலைக்கே திரும்பியது.

தாய் லூ எல்லாவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வயலுக்குப் போகும்போது துணியால் மூடிய வாளி ஒன்றைக் கூடவே எடுத்துப்போவார். உள்ளே என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டார். ஒரு நாள் மகள் எட்டிப் பார்த்தபோது அதில் துப்பாக்கி இருந்தது. தன் பிள்ளைகள்மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்பதற்காக. அதே தாய்தான் வயலில் ஆவிக்குரிய பாட்டுகளைப் பாடினார், இரவில் முழங்காலில் நின்று பிள்ளைகளுக்காக ஜெபித்தார், கடைக்குட்டிக்குக் கறுப்புப் பொம்மை வாங்கிக் கொடுத்து உன் நிறத்தை மதி என்று சொன்னார். வாளியையும் ஜெபத்தையும் தனித்தனியாகப் பிரித்தால் இந்த ஆன்மிகம் புரியாது. பிள்ளைகளின் உயிர் கடவுளுக்கு அருமையானது, ஆகவே அதைக் காப்பது என் வேலை. லூ எல்லாவின் கணக்கு இவ்வளவுதான்.

ஃபேனி லூவின் பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. சபையில் நடந்த வேதபாட வகுப்புகளில் வாசிப்பு தொடர்ந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்க அவர் கையில் நிலைத்திருந்த புத்தகம் வேதாகமம். பின்னாளில் மேடையேறி, குறிப்பு ஏதுமில்லாமல் வசனங்களை அடுக்கி அரசியல் பேசியதன் வேர் அங்கே இருக்கிறது.

1961-ல் ஒரு கட்டியை எடுக்க மருத்துவமனைக்குப் போனார். அவரைக் கேட்காமலே கருப்பையை எடுத்துவிட்டார்கள். பண்ணை வீட்டுப் பேச்சு கசிந்து வந்துதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இப்படி நடப்பது அங்கே வழக்கமாகவே இருந்ததால், "மிசிசிப்பி அப்பென்டிக்ஸ் ஆபரேஷன்" என்று அதற்கு அவர் ஒரு பெயர் வைத்தார். அவரும் கணவர் பெர்ரி ஹேமரும் பெண் பிள்ளைகளை எடுத்து வளர்த்துவந்தார்கள். பெர்ரியை ஊரார் "பாப்" என்று கூப்பிடுவார்கள்.

சபைக்குள் எழுந்த கை

1962 ஆகஸ்ட். ரூல்வில்லில் உள்ள வில்லியம்ஸ் சேப்பல் என்ற பாப்டிஸ்ட் சபையில் ஒரு கூட்டம். கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் இளைஞர்கள் வந்திருந்தார்கள். ஜேம்ஸ் பெவல் என்ற இளம் போதகர் லூக்கா 12-ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கம் செய்தார்: மேற்கே மேகம் எழும்பினால் மழை வரும் என்று உங்களுக்குத் தெரிகிறதே, இந்தக் காலத்தை நிதானிக்கத் தெரியவில்லையா? கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மேகத்தைப் பார்த்தே பிழைப்பவர்கள். வேறு எந்த வசனமும் அவர்களை இவ்வளவு நேராகத் தொட்டிருக்காது. அடுத்து அந்தக் குழுவின் ஜேம்ஸ் ஃபோர்மன் எழுந்து, உங்களுக்கு ஓட்டுரிமை இருக்கிறது என்றார். தங்கள் இனத்தவர் பதிவு செய்து ஓட்டுப் போடலாம் என்பதே ஹேமருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வயது 44.

அந்த ஊர் சன்ஃப்ளவர் கவுண்டியை (மாவட்டத்தை) சேர்ந்தது. அமெரிக்க செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவரும், இனப் பிரிவினையின் பெரிய காவலருமான ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் பண்ணை அதே கவுண்டியில் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில், பதிவு செய்யப் போக யார் தயார் என்று கேட்டபோது ஹேமர் கையை எட்டிய மட்டும் உயர்த்தினார். பயப்பட என்ன இருக்கிறது, கொல்லத்தானே முடியும், நினைவு தெரிந்த நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பின்னால் சொன்னார்.

ஆகஸ்ட் 31-ஆம் தேதி, பழைய பேருந்து ஒன்றில் 18 பேர் 26 மைல் தள்ளியிருந்த இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஓட்டுப் பதிவுக்கென்று தேர்வு வைத்த எழுத்தர், மாநில அரசியல் சாசனத்தின் 16-ஆம் பிரிவை எழுதி விளக்கச் சொன்னார். ஹேமரின் நினைவில் அது நடைமுறைச் சட்டம் பற்றிய பிரிவு. கிறிஸ்துமஸைப் பற்றிக் குதிரைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கு அதைப் பற்றித் தெரியும் என்று ஹேமர் பிறகு சொன்னார். தேறவில்லை.

திரும்பும் வழியில் போலீஸ் மறித்தது. பேருந்து அளவுக்கு மீறி மஞ்சளாக இருக்கிறது என்று குற்றம் சாட்டி ஓட்டுநருக்கு அபராதம் போட்டார்கள். உள்ளே எல்லோருக்கும் நடுக்கம். அப்போது பின்னாலிருந்து ஒரு பாட்டு எழுந்தது. ஹேமரின் குரல். என்னுடைய இந்தச் சின்ன விளக்கை ஒளிரவிடுவேன் என்கிற, அங்கே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாட்டு. ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்து பாடினார்கள். பிறகு பைகளைத் துழாவி 30 டாலர் சேர்த்து அபராதத்தைக் கட்டிவிட்டு ஊர் திரும்பினார்கள்.

இந்த ஆய்வின் முதல் விடையை நான் இங்கே காண்கிறேன். மிரட்டல் வேலை செய்வது மனிதர்களைத் தனித்தனியாக்கி. பேருந்துக்குள் 18 பேரும் 18 தனிப் பயங்களாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு பாட்டு அவர்களை மறுபடி சபையாக்கியது. இதற்குப் பயிற்சி வேண்டியதில்லை, புது முழக்கம் வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வயலிலும் அடுப்படியிலும் பாடி வைத்த சேமிப்பு அது.

அன்றிரவே பண்ணையார் சொன்னார்: பதிவுக்குக் கொடுத்த பெயரைத் திரும்பப் பெறு, இல்லையேல் வெளியே போ. நான் உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்று பதில் சொல்லிவிட்டு, 18 வருஷம் வேலை பார்த்த இடத்தை விட்டுக் கிளம்பினார். செப்டம்பர் 10-ஆம் தேதி, அவர் தங்கியிருந்த வீட்டுக்குள் 16 குண்டுகள் பாய்ந்தன. அவர் அப்போது அங்கே இல்லை. 1963 ஜனவரி 10-ஆம் தேதி தேர்வில் தேறினார்.

வினோனா சிறை

1963 ஜூன் 9. செப்டிமா கிளார்க் கட்டியெழுப்பிய குடியுரிமைப் பள்ளித் திட்டத்தில் பயிற்சி முடித்து, ஹேமரும் தோழர்களும் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மிசிசிப்பியின் வினோனா ஊர்ப் பேருந்து நிலையத்தில் கைது. அடுத்த அறையில், கூட வந்த அனெல் பாண்டரை அடிக்கும் சத்தம் ஹேமருக்குக் கேட்டது. "சார்" என்று சொல்லச் சொல்லி அடித்தார்கள், அவர் சொல்லவில்லை. அடிபட்டுக்கொண்டே, இந்த மனிதர்களுக்கு இரங்கும் என்று அவர் கடவுளிடம் ஜெபித்ததை ஹேமர் கேட்டார்.

பிறகு ஹேமரின் முறை. கறுப்பினக் கைதிகள் இருவரை மிரட்டி, அவர்கள் கையாலேயே குண்டாந்தடியால் அடிக்க வைத்தார்கள். ஒருவர் களைத்ததும் அடுத்தவர். உடை மேலே ஏறியபோது அவர் இழுத்துவிட்டார்; அதிகாரி ஒருவர் வந்து அதை மறுபடி மேலே இழுத்தார். இதை அவரே பின்னாளில் நாடு முழுவதும் கேட்கச் சொன்னார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, கண்ணில் இரத்தம் கட்டியது, தாங்கி நடந்த கால் இன்னும் மோசமானது. சாகும்வரை அந்தக் காயங்கள் அவரோடு இருந்தன.

அந்தச் சிறைக்குள் அவர்கள் பாடினார்கள். பவுலும் சீலாவும் சிறையில் கட்டுண்டு கிடந்ததைப் பற்றிய பாட்டு. அப்போஸ்தலர் நடபடிகளில் அந்த இடம் இப்படி வரும்: "நடுராத்திரியிலே பவுலும் சீலாவும் ஜெபம்பண்ணி, தேவனைத் துதித்துப்பாடினார்கள், காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்." ஹேமரின் வாசிப்பில் இது அப்போது நடந்துகொண்டிருந்த கதை. அடிபட்டுச் சிறையில் கிடப்பவர்கள் குற்றவாளிகள் என்று அரசாங்கம் சொல்கிறது. அப்போஸ்தலர்கள் என்று பாட்டு சொல்கிறது. தான் யார் என்பதை அடிக்கிறவன் தீர்மானிக்க முடியாமல் போய்விட்டது.

சிறைக் காவலரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். ஹேமர் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். நீங்கள் கிறிஸ்தவர்கள் போலிருக்கிறது என்றார். அந்தப் பெண்ணும் அப்படி வாழ முயல்வதாகச் சொன்னார். அப்படியானால் இரண்டு வசனங்களை வாசித்துப் பாருங்கள் என்றார் ஹேமர்: நீதிமொழிகள் 26:26, அப்போஸ்தலர் 17:26. அந்தப் பெண் எழுதிக்கொண்டு போனார். முதலாவது வசனம், "பகையை வஞ்சகமாய் மறைத்து வைக்கிறவனெவனோ, அவனுடைய பொல்லாங்கு மகா சபையிலே வெளிப்படுத்தப்படும்." இரண்டாவது, "மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி" என்று தொடங்குவது.

ஹேமரின் வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இதுதான். உடம்பில் அசைக்க முடிந்த இடம் இல்லை. எதிரே நிற்பவர் காவலரின் மனைவி, வெள்ளைக்காரி, சுதந்திரமானவர். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் வீட்டுப்பாடம் கொடுத்தவர் கைதி. இருவர் வீட்டிலும் இருந்த புத்தகம் ஒன்றே. அதைச் சரியாக வாசித்தவர் யார் என்பதே கேள்வி. மகா சபையில் வெளிப்படும் என்று அவர் எழுதிக் கொடுத்தது அடுத்த வருஷமே நடந்தது.

ஜூன் 12-ஆம் தேதி விடுதலையானபோது, ஜாக்சன் நகரில் கறுப்பின உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி காத்திருந்தது. வினோனா அதிகாரிகள்மேல் கூட்டாட்சி அரசு தொடுத்த வழக்கில், வெள்ளையர்கள் மட்டுமே கொண்ட ஜூரி டிசம்பரில் எல்லோரையும் விடுதலை செய்தது. நீதிமன்றத் தராசின் குண்டும் பண்ணைத் தராசின் குண்டைப் போலவே இருந்தது.

அட்லாண்டிக் சிட்டி

1964 ஏப்ரலில் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி உருவானது. வெள்ளையர்கள் மட்டுமே கொண்ட மாநிலப் பிரதிநிதிகளுக்குப் பதிலாக எங்களை அமர வையுங்கள் என்று, ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு 68 பிரதிநிதிகள் போனார்கள். 22-ஆம் தேதி தகுதி ஆய்வுக் குழுவின் முன் ஹேமர் சாட்சி சொன்னார். மார்லோ பண்ணையில் தொடங்கி வினோனா சிறைவரை, தேதி தவறாமல், ஊர் தவறாமல். அதிபர் லிண்டன் ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டிக் கேமராக்களைத் தன் பக்கம் திருப்பினார். தொலைக்காட்சிகள் அன்று மாலையே சாட்சியை ஒளிபரப்பின. அதன் ஒலிப்பதிவைக் கேட்டால் தெரியும்: சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்கிற பெண்ணின் குரல் அது, அதே ஏற்றம், அதே இறக்கம். "சாட்சி" என்ற சொல்லுக்கு நீதிமன்றத்திலும் சபையிலும் உள்ள இரண்டு பொருளும் அன்றைக்கு ஒன்றாயின.

பேரம் நடந்தது. 68 பேரில் இரண்டு பேருக்கு மட்டும் இடம் என்றார்கள். துணை அதிபர் வேட்பாளராகக் காத்திருந்த ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி, தன் எதிர்காலம் இதில் இருக்கிறது என்று உணர்த்தினார். உங்கள் பதவி நாலு லட்சம் கறுப்பின மக்களின் உயிரைவிடப் பெரிதா என்று கேட்ட ஹேமர், உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றும் சொன்னார். மனதார ஜெபிப்பதாகச் சொன்ன அதே மூச்சில் ஒத்துக்கொள்ள மறுத்தார். அதற்குப் பின் நடந்த பேச்சுகளில் அவரைச் சேர்க்கவில்லை. இயக்கத்தின் பெரிய ஆண் தலைவர்கள் பலரே ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு இடத்துக்காக இவ்வளவு தூரம் வரவில்லை என்று அவர் சொன்னார், பிரதிநிதிகள் நிராகரித்தார்கள். படித்தவர்களின் அரசியல் கணக்குக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. அவரோ வேறொரு நிறைகல்லை வைத்து நிறுத்துக்கொண்டிருந்தார்.

1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மிசிசிப்பியில் 1964-ல் 7 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு, 1967-ல் 60 சதவீதத்தை நெருங்கியது. 1968-ல் சிகாகோ மாநாட்டில் ஹேமர் பிரதிநிதியாக இருக்கையில் அமர்ந்தபோது அவை எழுந்து நின்றது.

சபையும் தராசில்

ஹேமரின் ஆன்மிகத்தைச் சபையின் சாதனையாக எழுதிவிடக் கூடாது. வில்லியம்ஸ் சேப்பல் கதவைத் திறந்தது, அதற்கு விலையும் கொடுத்தது. 1964 கோடையில் அதற்குத் தீ வைக்க முயன்றார்கள். ஆனால் ரூல்வில் அடங்கிய மிசிசிப்பி டெல்டா பகுதியில் கதவைச் சாத்திக்கொண்ட சபைகளும் போதகர்களும் பலர். ஹேமர் அவர்களை மேடையிலேயே கண்டித்தார். "கர்த்தருடைய ஆவியானவர் என்மேலிருக்கிறார், தரித்திரருக்குச் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கும்படி என்னை அபிஷேகம்பண்ணினார்" என்ற லூக்கா 4:18-ஐத் தன் பேச்சில் எடுத்துக்கொண்டவர் அவர், பிரசங்கிக்கும் அந்த உரிமையை எந்த சபையும் அவருக்குக் கொடுக்கவில்லை. மயங்கி விழும்வரை ஜெபித்தாலும், எழுந்து ஏதாவது செய்யாவிட்டால் கடவுள் கொண்டுவந்து மடியில் போட மாட்டார் என்று 1964-ல் இண்டியனோலாவில் பேசினார்.

1980களில் கறுப்பினப் பெண் இறையியலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சிந்தனையை உருவாக்கினார்கள். கேட்டி கேனன், ஜாக்குலின் கிரான்ட், டெலோரஸ் வில்லியம்ஸ் ஆகியோர் அதில் முன்னோடிகள். வில்லியம்ஸ் எடுத்துக்கொண்ட விவிலியப் பெண் ஆகார். ஆபிரகாம் வீட்டு அடிமை, வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்டவர், "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று கடவுளுக்கே பெயரிட்டவர். ஆகாருக்குக் கடவுள் உடனே விடுதலை தரவில்லை. பிழைத்திருக்க வழி தந்தார். கறுப்பினப் பெண்களின் அனுபவம் அதுதான் என்பது வில்லியம்ஸின் வாதம். ஹேமரின் கதையை இதன் வெளிச்சத்தில் பார்த்தால், 1964-ஐவிட 1969 முக்கியமாகிறது. அதற்கு வருகிறேன்.

முன்னதாக ஒன்று சொல்ல வேண்டும். "பலசாலி கறுப்பினப் பெண்" என்று அவரைப் புகழும்போது அவர் உடம்பு பட்டதை மறந்துவிடுகிறோம். வளர்ப்பு மகள் டோரதி 1967-ல், சிகிச்சை கிடைக்காமல் இறந்தார். டோரதியின் இரண்டு பெண் குழந்தைகளையும் ஹேமர் தம்பதி தத்தெடுத்தார்கள். சோர்ந்து சோர்ந்தே எனக்குச் சோர்ந்துவிட்டது என்று 1964 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெமில், கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் உடன் இருந்த கூட்டத்தில் சொன்னது வெறும் மேடைப் பேச்சாக எனக்குப் படவில்லை. ஆன்மிகம் அவருக்கு வலு கொடுத்தது உண்மை. அவ்வளவு வலு தேவைப்படும்படி ஒரு நாடு அவரை நடத்தியதும் உண்மை. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்வது அநியாயம்.

பன்றி வங்கி

ஓட்டுரிமை வந்தும் பசி போகவில்லை. பதிவு செய்யப் போனவர்களைப் பண்ணையிலிருந்து விரட்டினார்கள். 1962-ல் பக்கத்து லெஃப்ளோர் கவுண்டியில் அரசின் இலவச உணவுப் பங்கீட்டையே நிறுத்தினார்கள். பருத்தி எடுக்க இயந்திரம் வந்து, இருந்த கூலியும் போனது. வயிற்றைப் பிடித்து நெரிக்க முடிகிறவரை ஓட்டுச்சீட்டு காகிதம்தான் என்று ஹேமர் கண்டுகொண்டார்.

1969-ல் 40 ஏக்கரில் சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். பின்னர் அது 600 ஏக்கரைத் தாண்டியது. உறுப்பினர் சந்தா மாதம் ஒரு டாலர். அதுகூட முடியாதவர்களே அதிகம், அவர்களுக்கும் காய்கறி போனது. வெண்டை, பீன்ஸ், கீரை, சர்க்கரைவள்ளி. கூடவே பன்றி வங்கி. கறுப்பினப் பெண்களின் தேசிய மன்றம் பன்றிகளைக் கொடுத்து உதவியது. சினைப்பன்றி ஒரு குடும்பத்துக்குப் போகும். குட்டி போட்டதும் தாய் வங்கிக்குத் திரும்பும், குட்டிகள் வீட்டில் நிற்கும். கொல்லையில் ஒரு பன்றியும் தோட்டத்தில் கொஞ்சம் காயும் இருந்தால் உங்களை யாரும் தள்ள முடியாது என்று அவர் சொல்வார். தாயின் வாளி நினைவுக்கு வருகிறது. அந்த வாளியில் இருந்தது துப்பாக்கி, இவர் கொடுத்தது குட்டிகளும் வெண்டைக்காயும். காப்பாற்றியது அதே பிள்ளைகளைத்தான்.

பண்ணை நிலைக்கவில்லை. வெள்ளமும் வறட்சியும் பயிரைத் தின்றன, கடன் ஏறியது, ஹேமரின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1970களின் நடுவில் நிலத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போனது.

1977 மார்ச் 14-ஆம் தேதி, கறுப்பின மக்கள் தங்களுக்கென்று கட்டிய மவுண்ட் பேயூ ஊரின் மருத்துவமனையில் இறந்தார். வயது 59. மார்பகப் புற்றுநோயும் இரத்த அழுத்தமும். அப்போது ஐக்கிய நாடுகள் சபையில் அமெரிக்கத் தூதராக இருந்த ஆண்ட்ரூ யங் வந்து, வில்லியம்ஸ் சேப்பலில் அவருக்காகப் பிரசங்கித்தார். 1962 ஆகஸ்டில் அவர் கை உயர்த்திய அதே சபை. பேருந்தில் அவர் பாடிய சின்ன விளக்குப் பாட்டை அங்கே பாடினார்கள். கூட்டுறவுக்காக வாங்கிய நிலத்தில், ரூல்வில்லில் அவரைப் புதைத்தார்கள். 1992-ல் பாப் ஹேமரையும் பக்கத்தில் கிடத்தினார்கள்.